போகிக்குக் கழித்த லேப்டாப்

என் ஓரகத்தி மேல் எனக்குப் பொறாமை. முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துச் சொன்னால் நான் ஏதோ பெருந்தன்மையானவள் என்று நினைத்துக்கொள்வீர்கள். அவள் புடவையைப் பார்த்துப் பொறாமை இல்லை, நிறத்தைப் பார்த்து இல்லை, மாமியார் அவளைக் கூப்பிடும்போது குரலில் வரும் குழைவைப் பார்த்துக்கூட அவ்வளவாக இல்லை. நான் குப்பை என்று தூக்கிப் போட்ட ஒரு லேப்டாப்பை அவள் எழுப்பி உட்கார வைத்துவிட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் எங்கள் வீடு. கீழே நானும் கணவரும் மாமியாரும். மாடியில் என் கொழுந்தனாரும் அவர் மனைவியும், அதாவது இந்த ஓரகத்தி. வாசலை ஒட்டிய அறையில் என் கடை. ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் அப்ளிகேஷன். நாலு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், காற்றைவிடச் சத்தம் ஜாஸ்தியாகக் கொடுக்கும் ஒரு ஃபேன். இருபது வருஷத்துக்கு முன்னால் கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்தவள் நான். எங்கள் சந்தில் கம்ப்யூட்டர் என்ற பேச்சு எடுத்தால் எல்லாத் தலையும் என் பக்கம்தான் திரும்பும். ரேஷன் கார்டில் பெயர் தப்பா, என்னிடம் வருவார்கள். ஹால் டிக்கெட் இறங்கவில்லையா, என்னிடம் வருவார்கள். நகை நட்டு என்று எனக்குப் பெரிதாக எதுவும் கிடையாது. அந்தத் திரும்பும் தலைகளைத்தான் நான் கழுத்தில் போட்டுக்கொண்டு அலைந்தேன்.

ஓரகத்திக்குக் கீழ்பென்னாத்தூர் பக்கம். பிளஸ் டூ வரை படித்தவள். கல்யாண ஜாக்கெட்டுக்கு ஆரி ஒர்க் போடுவாள். மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் ஜரிகையும் மணியும் கோத்து, பின்கழுத்தில் மயிலும் மாங்காயும் எழுப்புவாள். டிசைனைப் பட்டர் பேப்பரில் பென்சிலால் வரைந்துகொள்வாள். கம்ப்யூட்டருக்கும் அவளுக்கும் இருந்த சம்பந்தம், மாடிப்படி இறங்கி வந்து என்னிடம், "அக்கா, இத ஒரு ஜெராக்ஸ் போட்டுக் குடுங்க" என்று கேட்பது மட்டும்தான். அந்த 'அக்கா' அப்போது என் காதுக்கு எவ்வளவு இனிப்பாக இருந்தது தெரியுமா!

போன போகிக்கு வீட்டை ஒழித்தோம். கிழிந்த பாய், நசுங்கிய குடம், ஓடாத மிக்ஸி எல்லாம் வாசலில் குவிந்தன. கூடவே என் பழைய லேப்டாப்பையும் கொண்டுவந்து வைத்தேன். வாங்கிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. பட்டனை அழுத்திவிட்டுப் போய்ச் சாதம் வடித்துவிட்டு வந்தால் அப்போதுதான் திறந்திருக்கும். சர்வீஸ்காரர் பார்த்துவிட்டு, ரெண்டு ஜிபி ரேமை வைத்துக்கொண்டு இதில் ஒன்றும் பண்ண முடியாது என்று கைவிரித்திருந்தார். அதை எரிக்கவா முடியும்? குப்பை வண்டிக்காரரிடம் கொடுத்துவிடலாம் என்று தனியாக வைத்தேன்.

"அக்கா, இத நான் எடுத்துக்கட்டுமா?" என்றாள் அவள்.

"எடுத்துக்கோ எடுத்துக்கோ. சூடா இருக்கிற பாத்திரத்த மேல வைக்கலாம். பலகை மாதிரி ஆவும்" என்றேன்.

மாமியார் சிரித்தார். கொழுந்தனார் சிரித்தார். என் கணவர் சத்தமாகவே சிரித்தார். அவளும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, முந்தானையால் அதன் மேலிருந்த தூசியைத் துடைத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. போகிக்குக் கழித்த பொருளைத் திரும்பக் கேட்கக் கூடாது, கேட்டால் வீட்டுக்குப் பீடை. அன்றைக்கு அது எனக்கு ஞாபகமே வரவில்லை. பிறகுதான் தினமும் வந்தது.

தை முடியும் சமயம். ஒரு துக்க வீட்டுக்குப் போக வேண்டியிருந்ததால், மத்தியானம் கொஞ்ச நேரம் கடையில் உட்காரும்படி அவளைக் கேட்டுக்கொண்டேன். கிளம்பும்போது, "அக்கா, ஒரு பென் டிரைவ் இருந்தா குடுங்களேன்" என்றாள். பாட்டு ஏற்றப் போகிறாளாக்கும் என்று மேஜை டிராயரிலிருந்து ஒரு நீல நிறப் பென் டிரைவை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனேன்.

மறுநாள் சாயங்காலம் லேப்டாப்பை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு இறங்கி வந்தாள். கடை மேஜை மேல் வைத்துப் பட்டனை அழுத்தினாள். நான் கையிலிருந்த காபியை ஆற்றிக்கொண்டிருந்தேன். ஆற்றி முடிப்பதற்குள் திரை திறந்துவிட்டது. பின்னால் ஒரு பச்சை மலைப் படம், கீழே இடது மூலையில் மெனு, அதைத் தட்டினால் எல்லாம் தமிழில்.

"இன்னா பண்ண?" என்றேன். குரல் எனக்கே விசித்திரமாக இருந்தது.

"லினக்ஸ்னு ஒண்ணு அக்கா, விண்டோஸுக்குப் பதிலா போடறது. போன்ல வீடியோ பாத்தேன். பழைய லேப்டாப்புக்குன்னே லேசா, சின்னதா செஞ்சு வச்சிருக்காங்க. நேத்து நம்ம கடையில உக்காந்து இறக்கினேன். முதல்ல பென் டிரைவ்லயே ஓட்டிப் பாத்துக்கலாமாம், புடிச்சா உள்ள ஏத்திக்கலாமாம். அடுத்து அடுத்துன்னு தட்டினேன், அவ்ளோதான். நீங்கதான் பென் டிரைவ் குடுத்தீங்க, உங்களுக்குத்தான் மொதல்ல காட்டணும்னு வந்தேன்."

என் கடை. என் கம்ப்யூட்டர். என் பென் டிரைவ். என் லேப்டாப். அடிப்பாவி! எல்லாம் என்னுடையதாக இருக்க, பண்ணியது மட்டும் அவள்.

லினக்ஸ் எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். டிப்ளமோவில் அது ஒரு பேப்பர். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. ஒரு புள்ளி விட்டுப்போனாலும் திட்டும். நூறு கட்டளைகளைத் திருப்பாவை மாதிரி மனப்பாடம் செய்து, பரீட்சை முடிந்த அன்றே மறந்துபோனேன். தட்டுத் தடுமாறித்தான் பாஸ். அதெல்லாம் இன்ஜினியருக்கு, நமக்கு ஆகாது என்று இருபது வருஷமாக அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. இவளுக்கு அந்தக் கறுப்புத் திரையை யாரும் காட்டவில்லை. இவள் வருவதற்குள் அதை யாரோ துடைத்து, எளிமையாக்கி, கோலமாவு டப்பா மாதிரி கைக்குள் அடங்குகிறபடி செய்து வைத்துவிட்டார்கள். பயப்பட வேண்டும் என்றே தெரியாமல் போய்த் திறந்துவிட்டாள். என்னைக் கஷ்டப்படுத்திய ஒன்று இவளுக்கு மட்டும் எப்படிச் சுலபமாக இருக்கலாம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ம். நல்லாருக்கு" என்றேன். குடிக்காமல் மேஜையில் வைத்த காபி ஆறி அவலாகிவிட்டது.

அதற்கப்புறம் அவள் அதில் படம் வரையும் சாஃப்ட்வேர் ஒன்றையும் இலவசமாக இறக்கிக்கொண்டாள். பாதி மயிலை வரைந்து ஒரு தட்டுத் தட்டினால் மறுபாதி தானாக எதிர்ப்பக்கம் வந்து நிற்கும். இடது கைக்கும் வலது கைக்கும் நூல் பிசகாமல் ஒரே அளவு. பட்டர் பேப்பரில் பிரிண்ட் எடுக்க என் கடைக்குத்தான் வருவாள். பிரிண்டரிலிருந்து மயில் மயிலாக வெளியே வரும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். ஒரு தடவையாவது கோணலாக வராதா என்று பார்ப்பேன். வராது.

விஷயம் சந்துக்குப் பரவியது. முதலில் எதிர்வரிசை டிபன் கடைக்காரம்மா வந்தார். பிளஸ் டூ படித்தபோது மகளுக்கு அரசாங்கம் கொடுத்த லேப்டாப் பரண் மேலேயே கிடந்ததாம். அதைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு என் கடை வாசலுக்கு வந்தார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"சின்னவ மேல இருக்குதாம்மா?" என்று கேட்டுவிட்டு அவர் படியேறினார்.

எங்கள் வீட்டு மாடிப்படி என் கடையைத் தாண்டித்தான் போகிறது. அதைக் கட்டிய கொத்தனாரை நான் அந்த மாதங்களில் எத்தனை தடவை திட்டியிருப்பேன் என்று கணக்கில்லை. பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் போனார். அடி அண்ணாமலையிலிருந்து பூக்கடைக்காரர் ஒருவர் போனார். இந்த ஊரில் எத்தனை வீட்டுப் பரணில் எத்தனை லேப்டாப் தூங்கிக்கொண்டிருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. அத்தனையும் ஒவ்வொன்றாக என் கண் முன்னால் ஏறி, எழுந்து, இறங்கின. அவள் யாரிடமும் ஒரு பைசா வாங்கவில்லை. வாங்கியிருந்தாலாவது, "காசுக்குச் செய்யறா" என்று சொல்லி ஆறுதல் அடைந்திருப்பேன்.

"சின்னவ கை பட்டா செத்தது கூட எழுந்து உக்காந்துக்குது" என்றார் மாமியார், சாப்பிடும்போது. அதைக்கூடச் சோற்றோடு சேர்த்து விழுங்கிவிட்டேன். ஒருநாள் கடையில் ஸ்கேனர் மக்கர் பண்ணியது. என் கணவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "மாடியில அவகிட்ட கேளேன்" என்றார். அதை விழுங்க முடியவில்லை.

டிபன் கடைக்காரம்மாவிடம் அன்றைக்கே போய் இட்லி கட்டச் சொல்லிவிட்டு, பேச்சுவாக்கில் சொல்வது போலச் சொன்னேன். "அந்த லினக்ஸ் இருக்குதே, அதுல வைரஸ் ஜாஸ்தியாம். பேங்க் விவரம் எல்லாம் போயிடுமாம். சும்மா எவன் எதுக்குக் குடுப்பான், யோசிச்சுப் பாருங்க."

அது பொய் என்று தெரிந்தேதான் சொன்னேன். கடையில் தினமும் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவளுக்கு அவ்வளவு கூடவா தெரியாது?

ஆடி பிறந்தது. ஆடியில் கல்யாணம் இல்லை. ஆனால் ஆவணி முகூர்த்தத்துக்கான ஜாக்கெட்டெல்லாம் ஆடியில்தான் அவளிடம் வந்து குவியும். அந்தச் சமயத்தில் ஒரு மத்தியானம் அவள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தாள். கடையில் வேறு யாரும் இல்லை.

"அக்கா, இதுல வைரஸ் ஜாஸ்தின்னு பேசிக்கிறாங்க. நிஜமாக்கா?"

யார் சொன்னார்கள் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். 'சே, அதெல்லாம் ஒண்ணும் இல்ல, போய் வேலையப் பாரு' என்று சொல்ல அரை நிமிஷம் ஆகியிருக்காது. அந்த அரை நிமிஷத்தில் என் கண்ணுக்குத் தெரிந்தது அந்தப் படிக்கட்டு மட்டும்தான்.

"ஆமா. நானே உன்கிட்ட சொல்லணும்னு இருந்தேன்" என்றேன்.

"அப்ப எடுத்துடணுமாக்கா?"

"எடுத்துடறதுதான் நல்லது."

"நீங்களே எடுத்துக் குடுத்துடுங்க" என்று மேஜை மேல் வைத்தாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "உள்ள என் டிசைன் எல்லாம் இருக்குதுக்கா. ஆவணி ஆர்டருக்கு வரைஞ்சது. அது?" என்றாள்.

"அதுலயும் ஒட்டிக்கிட்டிருக்கும்."

அவள் அந்த மூடியை ஒருமுறை தடவிவிட்டுப் படியேறிப் போனாள்.

அழிப்பதற்கு முன்னால் திறந்து பார்த்தேன். ஒரு ஃபோல்டருக்குள் வரிசையாக டிசைன்கள். தாமரை, யாளி, கொடி, ஒரு கையில் மட்டும் ஏறும் கிளி. நம் ஊர்க் கோயில் கோபுரத்துச் சுதைச் சிற்பத்தில் இருக்கும் ஒரு பூவைக்கூட எடுத்து வரைந்திருந்தாள். தினம் அந்தப் பக்கம் போகிற என் கண்ணில் அது ஒரு நாளும் பட்டதில்லை. அழிக்கக் கை வரவில்லை. டிராயரில் திரும்பி வந்திருந்த அந்த நீலப் பென் டிரைவில் எல்லாவற்றையும் ஏற்றி வைத்துக்கொண்டேன். நல்ல மனசு என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் அதை அவளிடம் கொடுக்கவில்லையே. பிறகு லேப்டாப்பில் பழைய விண்டோஸைப் போட்டேன். அது பழையபடி, சாதம் வடிக்கிற நேரம் எடுத்துக்கொண்டு திறந்தது.

நான் ஜெயித்துவிட்டேன். அவள் வீடு வீடாகப் போய், "அக்கா சொல்லிட்டாங்க, அது வேணாம், எடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். அக்கா சொல்லிவிட்டார்கள் என்றதும் எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள். லேப்டாப்கள் மறுபடி பரணுக்குப் போயின. தலைகள் மறுபடி என் பக்கம் திரும்பின. மாடியில் அவள் ராப்பகலாகப் பட்டர் பேப்பரில் பென்சிலால் வரைந்துகொண்டிருந்தாள். ஆவணியில் ஒரு கல்யாணப் பெண்ணின் அம்மா வந்து, இரண்டு கையிலும் மயில் ஒரே மாதிரி இல்லை என்று படியிலேயே நின்று சத்தம் போட்டார். நான் கீழே கடையில் உட்கார்ந்து ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன். ஆசைப்பட்டது நடந்தது. ஆனாலும் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஐப்பசியில் எனக்கு வந்தது வினை. கடையிலிருந்த நாலு கம்ப்யூட்டரும் பழையவை, புது விண்டோஸ் அவற்றில் ஏறாது, பழைய விண்டோஸுக்கு இனி அப்டேட் வராது. சர்வீஸ்காரரை வரச் சொன்னேன். அவர் நாலையும் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"புதுசா வாங்கறதுன்னா வாங்குங்க. இல்லன்னா லினக்ஸ் போட்டுடறேன் அக்கா. இப்ப நெறைய கடையில அதான் கேக்கறாங்க. முன்ன மாதிரி கஷ்டம் இல்ல. லேசா இருக்கும், பழைய மெஷின்ல பிச்சுக்கிட்டு ஓடும். உங்களுக்கு பிரவுசரும் பிரிண்டரும்தானே வேணும்?"

வேண்டாம் என்று சொல்ல என்ன காரணம் சொல்வேன்? வைரஸ் என்றா, அவரிடமா? சரி என்றேன். அவர் முதல் மெஷினில் ஏற்றிக்கொண்டிருக்கும்போது அவள் இறங்கி வந்தாள், கையில் பட்டர் பேப்பரோடு, ஜெராக்ஸ் எடுக்க. திரையில் அந்தப் பச்சை மலைப் படம் வந்தது. அதே படம்.

அவள் திரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு அவரிடம் கேட்டாள்.

"அண்ணா, இதுல வைரஸ் ஜாஸ்தி வருமா?"

"இதுலயா?" என்று அவர் சிரித்தார். "யாரும்மா சொன்னது? மத்ததுக்கு இது எவ்வளவோ தேவல. என் வீட்டுலயே இதான் போட்டு வச்சிருக்கேன்."

யார் சொன்னது என்று அவள் சொல்லவில்லை. ஜெராக்ஸ் எடுக்காமலேயே ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவர் மீதி மூன்றையும் முடித்துவிட்டுப் போகும் வரை, பட்டர் பேப்பரைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக உட்கார்ந்தே இருந்தாள். அன்றைக்கென்று யாரும் கடைக்கு வரவும் இல்லை.

அவர் வண்டிச் சத்தம் தேய்ந்ததும் டிராயரைத் திறந்து அந்த நீலப் பென் டிரைவை எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

"உன் டிசைன் எல்லாம் இதுல இருக்குது. நான் அழிக்கல."

அவள் அதைத் தொடவில்லை.

"அப்ப அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமாக்கா, வைரஸ் இல்லன்னு?"

"தெரியும்."

"நீங்கதான் சொன்னீங்கன்னு டிபன் கடைக்காரம்மா எங்கிட்ட சொன்னாங்க. நான் அவங்கள நம்பல. எங்க அக்கா அப்படிச் சொல்ல மாட்டாங்கன்னு சண்டை போட்டுட்டு வந்தேன். நேரா உங்களையே கேட்டுடலாம்னுதான் அன்னைக்கு லேப்டாப்ப தூக்கிட்டு வந்தேன்."

இனி மறைக்க என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். "பொறாமைடி. எல்லாரும் என்னத் தாண்டி உங்கிட்ட வந்தாங்க. எனக்குத் தாங்கல. அதான்."

அவள் எழுந்தாள். பென் டிரைவை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். படி வரை போய்விட்டுத் திரும்பி நின்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். வழக்கமான குரலில், ஜெராக்ஸ் கேட்கிற அதே குரலில்தான் சொன்னாள்.

"பொறாமைன்னு எனக்கு மொத நாளே தெரியும்க்கா. காபிய குடிக்காம வச்சீங்களே, அப்பவே தெரியும். பொய் சொல்லுவீங்கன்னுதான் தெரியாது."